பத்திரம் என்ன தேதி?

போன செமஸ்டர் லீவில் வாலாஜாவிலிருந்து ஒரு பெண், வக்கீலான என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தாள். என் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களின் மகள். வேலூரில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். "டிகிரி முடிச்சிட்டு லா பண்ணணும்க்கா. அதுக்கு இப்பவே என்ன பண்ணணும்?" என்றாள். மடியில் புது நோட்டு, பேனா மூடி கழன்று தயாராக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் சொல்வேன், எழுதிக்கொண்டு மூணு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று வந்திருப்பாள் போல. அப்படிச் சொல்ல எனக்கு வராது. ஆறு மணி பஸ்ஸில்தான் போனாள்.

முதலில் அவள் பயத்தைப் போக்க ஒன்று சொன்னேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்து வருஷப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க், மூன்று வருஷப் படிப்புக்கு டிகிரி மார்க். காட்பாடியில் 2008இல் அரசு சட்டக் கல்லூரி வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட வேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது. ஆக, கோச்சிங் கிளாஸுக்குப் போகும் நேரமும் பணமும் அவளுக்கு மிச்சம். அந்த நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

"மூட் கோர்ட் கத்துக்கணுமாக்கா? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா..." என்று இழுத்தாள்.

மூட் கோர்ட் என்பது சட்ட மாணவர்கள் வக்கீல் போல வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம். அதை நான் குறை சொல்லவில்லை. எழுந்து நின்று பேசும் கூச்சம் அதில் போகும். ஆனால் பார் கவுன்சில் 2008இல் போட்ட கல்வி விதிகளைப் பாருங்கள். மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து வரும் செய்முறைத் தாளின் 100 மதிப்பெண்ணில் மூட் கோர்ட்டுக்கு 30தான். ஒரு சிவில் வழக்கும் ஒரு கிரிமினல் வழக்கும் நேரில் உட்கார்ந்து பார்த்து எழுதுவதற்கு இன்னொரு 30. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு வாங்குவது, இன்டர்ன்ஷிப் டைரி இதற்கெல்லாம் இன்னொரு 30. மிச்சம் 10 வாய்மொழித் தேர்வுக்கு. கோப்பை, மேடை, போட்டோ எல்லாம் முதல் 30க்கு மட்டும் கிடைக்கிறது. மற்ற அறுபதைப் பெரும்பாலும் முந்தின வருஷத்து அண்ணன்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி முடிக்கிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அதற்கான பலனையும் அனுபவித்தேன்.

நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் சட்ட உதவி முகாம். பள்ளிக்கூடத்து வராண்டாவில் பெஞ்சைப் போட்டு, வருகிறவர்களின் மனுவை எழுதித்தர மாணவர்களை உட்கார வைத்திருந்தார்கள். என் முன்னால் ஒரு பாட்டி வந்து குந்தினார். "வூட்ட எய்தி வாங்கிக்கினு வெளிய தள்ளிட்டாம்மா எம் புள்ள" என்றார். அவ்வளவுதான், என் மூளையில் மணி அடித்தது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பிரிவு 23. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். முந்தின வாரம்தான் படித்திருந்தேன். பாட்டி பேசிக்கொண்டே இருக்க, நான் எழுதிக்கொண்டே போனேன். மூன்று பக்கம். அரசியலமைப்பின் 21ஆவது பிரிவைக்கூட விடவில்லை.

முகாமுக்கு வந்திருந்த நீதிபதி அதை வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பத்திரம் என்ன தேதிம்மா?" என்றார்.

நான் கேட்கவே இல்லை.

பாட்டி மஞ்சப்பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தார். அரை மணி நேரமாக அது அவர் மடியில்தான் இருந்திருக்கிறது. தான செட்டில்மெண்டு, 1998. "சட்டம் வந்ததுக்கு அப்புறம் எழுதின பத்திரத்துக்குத்தான் 23 வரும். இது அதுக்குப் பல வருஷம் முந்தியது" என்றார் நீதிபதி. திட்டவில்லை. பாட்டியிடம் திரும்பி, "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டார். பாட்டி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டில் கொடுப்பதாகச் சொன்னார். "இதை எழுதுங்க" என்று நீதிபதி என்னிடம் காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

மறுபடி எழுதினேன், ஒரே பக்கம். மகன்கள் எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம், பாட்டி எங்கே படுக்கிறார், எங்கே சாப்பிடுகிறார், சுகர் மாத்திரைக்கு மாதம் எவ்வளவு. பத்திரம் போனால் போகட்டும், ஜீவனாம்சம் கேட்க பத்திரத் தேதி தடையில்லை. அதே சட்டத்தில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், மாதம் பத்தாயிரம் வரை உத்தரவு போட முடியும். இந்த வழி எனக்குத் தெரியாமல் இல்லை, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். வராண்டாவில் அது வாயில் வரவில்லை.

இந்தக் கதையை அந்தப் பெண்ணுக்குச் சொன்னபோது அவள் சிரித்தாள். பிறகு, "அந்தப் பாட்டிக்குக் கிடைச்சுதாக்கா?" என்றாள். மாதம் மூவாயிரம் என்று உத்தரவானது. மகன் நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினான் என்பதுவரை தெரியும். அதற்கப்புறம் நானும் போய்க் கேட்கவில்லை.

இந்த மாதிரி முகாம்களில் உட்கார சட்டக் கல்லூரி அடையாள அட்டை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களை எடுக்கிறார்கள், பி.எல்.வி. என்பார்கள். பத்தாவது படித்திருந்தால் போதும், மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. தேர்வானால் பயிற்சி தருவார்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் போன்றவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தவர்களை ஊரில் எத்தனையோ பேரைக் காட்டலாம். இதை ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தாலே பாதி சட்டம் தெரிந்துவிடும். 15100 என்ற இலவச எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

அப்புறம், கோர்ட்டுக்குப் போ என்றேன். விடுவார்களா என்றாள். நம் ஊரில் கோர்ட்டுக்குப் போவதே அவமானம் என்று வளர்ந்திருக்கிறோம் இல்லையா, அந்தப் பயம். போக்சோ, குடும்ப வழக்கு மாதிரி மூடிய அறையில் நடப்பவை போக, மற்ற எல்லாம் திறந்த நீதிமன்றம். போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குக் காலை பத்தரைக்குள் போய்விடச் சொன்னேன். கொலைக் கேஸைத் தேடிப் போகாதே, சின்ன சிவில் வழக்குகள் நடக்கும் முன்சீப் கோர்ட்டில் உட்கார் என்றும் சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலமே போன். "ஒண்ணுமே நடக்கலக்கா. பேர் கூப்பிடுறாங்க, ஒருத்தர் எழுந்து ஏதோ சொல்றார், அடுத்த தேதி சொல்றாங்க. அவ்வளவுதான்."

"எத்தனை கேஸ் கூப்பிட்டாங்க?"

"எண்ணலக்கா."

"நாளைக்கு எண்ணு. ஒவ்வொரு வாய்தாவும் எதுக்குன்னு எழுது."

மூன்றாம் நாள் அவள் நோட்டு சுவாரசியமாகிவிட்டது. சம்மன் போய்ச் சேரவில்லை. எதிருரை தாக்கல் ஆகவில்லை. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார். சாட்சிக்குக் காய்ச்சல். பிரதிவாதி இறந்துவிட்டார், வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குக் கீழே அவளே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "செத்தவர் பேரில் இருக்கும் கேஸ் என்ன ஆகும்?" சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 22இன் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில்தான். நான் அதைப் படித்தபோது எதற்கு இப்படி ஒரு ஆணை என்றே புரியாமல் மனப்பாடம் செய்தேன். இவள் கேள்வியோடு போய்ப் படிப்பாள்.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் செக் கேஸ் ஒன்றில் குறுக்கு விசாரணை பார்த்திருக்கிறாள். லுங்கி வியாபாரி ஒருவர் சாட்சிக் கூண்டில். எதிர்த்தரப்பு வக்கீல், "வெத்து செக்கை வாங்கி வச்சுக்கிட்டு நீங்களே பூர்த்தி பண்ணி பொய்க் கேஸ் போட்டிருக்கீங்கன்னு சொல்றேன்" என்கிறார். வியாபாரி, "அதெல்லாம் இல்லீங்க சார்" என்கிறார். சாட்சியத்தில் பதிவாவது: "நான் வெற்றுக் காசோலையைப் பூர்த்தி செய்து பொய் வழக்கு போட்டுள்ளேன் என்றால் சரியல்ல." இவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. கேள்வியும் பதிலும் ஒன்றாகி, சாட்சியே பேசுகிற மாதிரி ஒரு வாக்கியமாகிவிடுகிறதே! அதுதான் எங்கள் கோர்ட்டுத் தமிழ். "என்றால் சரிதான்", "என்றால் சரியல்ல". சாட்சியக் கட்டைக் கையில் வாங்கினால், இந்த வாக்கியங்களைப் பிரித்து வக்கீல் என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்று பின்னோக்கிப் போகத் தெரிய வேண்டும். பத்து நாள் காதால் கேட்டவருக்கு இது தானாக வரும். இங்கிலீஷ் வராது என்று பயந்த பெண்ணுக்கு இங்கே தமிழ்தான் பாடம் என்பதில் ஒரு சந்தோஷம். (ஐகோர்ட்டுக்குப் போனால் இங்கிலீஷ் வேண்டும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.)

அதே செக் கேஸை வைத்து ஒரு கணக்கும் கொடுத்தேன். செக் திரும்பிவிட்டது என்று பேங்கிலிருந்து தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் வைத்து, கற்பனையாக ஒரு தேதி போட்டு எண்ணச் சொன்னேன். முதல் முறை புகார்த் தேதி ஒரு நாள் பிசகியது. நிஜமாக இருந்தால் அந்த ஒரு நாளுக்கு ஒரு தாமத மன்னிப்பு மனு போட வேண்டும்.

இன்டர்ன்ஷிப் பற்றியும் கேட்டாள். மூன்று வருஷப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்து வருஷப் படிப்பில் 20 வாரம். நான் ஒரு பெரிய ஊரில், பெரிய ஆபீஸ் ஒன்றில் ஒரு மாதம் இருந்தேன். சீனியர் என் பெயரைக் கடைசி நாள் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்தேன், காபி வாங்கி வந்தேன். வராமலே இருந்த இன்னொரு பையனுக்கும் அதே சர்டிபிகேட், அதே "சிறப்பான ஈடுபாடு". எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் அந்த ஆபீஸில் ஒரு குமாஸ்தா அண்ணன் இருந்தார். ஐம்பது வயசு, எப்போதும் மூக்கு நுனியில் கண்ணாடி. நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "வாம்மா, இதைத் தெச்சுக் கொடு" என்று கோணி ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். பிராது, அதற்குப் பின்னால் ஆவணப் பட்டியல், ஆவணங்கள், வக்காலத்து, எந்த வரிசையில் எது, எங்கே கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பு, எந்தப் பக்கத்தில் கட்சிக்காரர் கையெழுத்து. தைத்துக் கொடுத்தது ஒரு வாரத்தில் ரிட்டர்ன் ஆகி வந்தது. கோர்ட்டிலிருந்து குறை எழுதித் திருப்பி அனுப்புவதைத்தான் ரிட்டர்ன் என்போம். வியாஜ்ய மூலம் (வழக்குப் போடக் காரணமான சம்பவம்) எந்தத் தேதியில் ஏற்பட்டது என்று சொல்லப்படவில்லை, சொத்து விவரத்தில் சர்வே எண் பட்டாவோடு பொருந்தவில்லை, கோர்ட்டுக் கட்டணம் எந்த மதிப்பில் கணக்கிடப்பட்டது. "இதைத் தூக்கிப் போடாத. இந்த சீட்டுங்களச் சேத்து வையி. இதுதான் உனக்குப் புஸ்தகம்" என்றார். முப்பது சீட்டாவது எழுதி வைத்தேன். இன்றைக்கும் தாவா எழுதி முடித்ததும் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டுவேன். அதனால் அந்தப் பெண்ணிடம், இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஆபீஸ் போனாலும் முதல் நாளே குமாஸ்தாவுக்கு வணக்கம் சொல்லி வை என்றேன். நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

வேலூரில் பிறந்த சட்ட மாணவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்று நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், 28 ஆகஸ்ட் 1996. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து 1991இல் போட்ட மனு. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது இதில்தான். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுப் பிரச்சினையில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது என்பதிலிருந்து ஆற்றின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வகுப்பில் கொள்கை இரண்டையும் எழுதினால் முழு மார்க். நான் அவளைத் தீர்ப்பின் நடுப்பகுதியைப் படிக்கச் சொன்னேன். தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கொடுத்த கணக்கு அங்கே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணற்றில் 350 கெட்டுப்போய்விட்டது என்ற இன்னொரு கணக்கும் இருக்கிறது. யாரோ ஒருவர் வெயிலில் கிணறு கிணறாகப் போய் எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார். அவர் வக்கீலாக இருந்திருக்க வேண்டியதில்லை. வரலாறு படிக்கிற பெண் ஒருத்தி வாலாஜா பக்கத்துப் பாலாற்றங்கரைக் கிராமத்தில் பத்துக் கிணற்றைப் பார்த்து, தண்ணீர் எந்த வருஷம் உப்பானது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வந்தால் அதுவும் இந்த வேலைதான். மேற்கொண்டு ஏதாவது தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு, முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு எழுதக் கற்றுக்கொள்ளலாம், அது இன்னும் நல்லது.

விபத்து வழக்குக் கணக்கையும் ஒரு நாள் போட்டுக் காட்டினேன். சென்னை–பெங்களூர் சாலை ஊர் நடுவே போகிறதே, எங்களுக்கு இந்த வழக்குக்குப் பஞ்சமில்லை. மக்கள் நீதிமன்றத்தில் ஐந்து நிமிஷத்தில் லட்சக்கணக்கில் பேசி முடிப்பதைப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா தொகை சொல்றாங்க, பேரமா?" என்றாள். பேரமும் உண்டு, ஆனால் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. இறந்தவருக்கு வயது 32, ஷூ கம்பெனியில் மாதம் 15,000 என்று வைத்துக்கொள். நிரந்தர வேலை இல்லை, நாற்பதுக்குக் கீழே, அதனால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருஷத்துக்கு 2,52,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர் அவரை நம்பியிருந்தால், சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 1,89,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. மொத்தம் 30,24,000. சர்லா வர்மா, பிரணய் சேத்தி என்ற இரண்டு தீர்ப்புகள் போட்ட பாதை இது. சம்பளச் சீட்டு இல்லை, 15,000க்குப் பதில் 10,000 என்றுதான் நிரூபிக்க முடிந்தது என்றால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். போனில் போட்டாள். பத்து லட்சத்து எட்டாயிரம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்தச் சீட்டுக்காகக் கம்பெனிக்கு யாராவது போய் நிக்கணுமேக்கா" என்றாள்.

கடைசியாகக் கொடுத்த வேலை அவள் வீட்டிலேயே. பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை, மூலப் பத்திரம் முதல் வரிசையாகப் படித்து யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வா என்றேன். வாலாஜாக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் நகரவே இல்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பத்திரத்தில் வட ஆற்காடு ஜில்லா, 1989இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019க்குப் பிறகு இராணிப்பேட்டை மாவட்டம். அவள் அப்பா முதலில் பத்திரத்தைத் தரவே இல்லையாம். "எதுக்கு உனக்கு? விக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். நான்கு பத்திரம், ஒரு பக்கம், சுத்தமான கையெழுத்து. கீழே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

"அக்கா, கடைசிப் பத்திரத்துல நாலு எல்லையும் சொல்ற செக்குபந்தியில 'பொதுக் கிணத்துக்குத் தெற்கு'ன்னு எழுதியிருக்கு. கிணறு எங்க வீட்டுக்குத் தெக்கால இருக்குக்கா. நாங்க கிணத்துக்கு வடக்கு."

"முந்தின பத்திரத்துல?"

"வடக்குன்னு சரியாத்தான் இருக்கு. இதுல மட்டும் மாத்தி எழுதிட்டாங்க."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். இருபது வருஷமா குடியிருக்கோம், கிணறு எங்கயும் ஓடிப்போகலன்னு சத்தம் போடுறார்."

பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் சரியாகிவிடும், ஆனால் விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். விற்றவர் இறந்துவிட்டாராம். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில்.

"எந்தத் தேதியில இறந்தாரு?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நோட்டைப் புரட்டி அடுத்த பக்கத்தைக் காட்டினாள். தேதி, வாரிசுகள் பெயர், பெரியவரின் போன் நம்பர். "சின்னவர் நம்பர் மட்டும் கிடைக்கலக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கிடுவேன்" என்றாள்.